காலடியில் ஒரு பாட்டில்

"இந்தப் பாட்டிலைத் தூக்கிப் பலகையில வெச்சது யாரு?"

டாக்டர் உயங்கா போட்ட சத்தத்தில் டிரைவர் சோகோ ஆம்புலன்ஸை ஓரங்கட்டிவிட்டான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. பிறந்து இரண்டே நாள். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. நெஞ்சில் செருகிய குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீரில் முங்கியிருக்கும். நெஞ்சுக்குள் சிக்கிய காற்று அதில் குமிழி குமிழியாக வெளியேறும். பாட்டில் தரையில் இருக்கும்வரைதான் அந்த ஏற்பாடு. குழந்தைக்கு மேலே போனால் தண்ணீர் நெஞ்சுக்குள் பாய்ந்துவிடும்.

உயங்கா குழாயை மடக்கிப் பிடித்து, பாட்டிலைத் தரைக்கு இறக்கினாள். பிறகு குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, ரப்பர் பையை மெல்ல மெல்ல அமுக்கினாள்.

வண்டியின் பின்பக்கம் அவளைத் தவிர இருந்தது குழந்தையின் அப்பா தம்தின் மட்டும்தான். ஆடு மேய்ப்பவர். மனைவி மாகாண ஆஸ்பத்திரியில் தையலோடு படுத்திருந்தாள். விமானத்தில் உயரே போனால் நெஞ்சுக் காற்று இன்னும் உப்பும் என்பதால், தலைநகர் உலான்பாதருக்குத் தரைவழியாகவே கிளம்பியிருந்தார்கள்.

"பாட்டில் தரையிலதான் இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

தம்தின் தலையைக் குனிந்தார். "என் தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

"நான் கணவாயில ஃபோன் பேச இறங்கினது பத்து நிமிஷம். அதுக்குள்ள உன் கை சும்மா இருக்காதாய்யா? காலடியில பாத்திரம் கிடந்தா தாண்டக் கூடாது, எடுத்து உசரத்துல வைக்கணும், அதானே? அந்த மரியாதையெல்லாம் கூடாரத்தோட விட்டுட்டு வரணும்! காலையில புள்ள நெத்தியில கரி பூசிட்டு நின்னப்பவே நெனச்சேன். ஆட்டோட கெடந்தா ஆட்டுப் புத்திதான் வரும்!"

"விடுங்க டாக்டர். பெத்தவரு, பாவம்" என்றான் சோகோ.

"நீ உன் வேலையைப் பாரு. நீ பாட்டுக்கு சாமி கும்பிடணும்னு கணவாய்க் கல்மேட்டை மூணு சுத்து சுத்தப் போயிட்ட. நகரத்து ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டே நான் வண்டியில ஏறுறேன். இந்த ஆளு உள்ள என்ன செஞ்சு வெச்சிருக்கான்னு நான் கனவா கண்டேன்?"

திட்டிக்கொண்டே இருந்தாலும் அவள் விரல்கள் தாளம் தப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டிலில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் இன்னொன்று. குழந்தையின் உதடு மெதுவாகச் சிவந்தது. தம்தின் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வண்டி கிளம்பியது. ஆத்திரம் வடிந்ததும் உயங்காவைக் கூச்சம் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. அவள் அப்பாவும் மேய்ப்பர்தான். ஒருநாள் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா ஒருவன் அவரை எல்லார் முன்னாலும் இப்படித்தான் விரட்டினான். பத்து வயது உயங்கா அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளர்ந்து டாக்டராகி இவள் கற்றுக்கொண்டது அந்தக் குமாஸ்தாவின் நாக்கைத்தானா?

தம்தின் பிளாஸ்க்கிலிருந்து உப்புப் பால் டீயை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலியேம்மா."

அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

மாலையில் நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தையை ஒப்படைத்தார்கள். "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. பொழைச்சுக்கும்" என்றார் பெரிய டாக்டர்.

உயங்கா நடைபாதைக்கு வந்தாள். பெஞ்சில் இருந்த தம்தின் பதறி எழுந்தார்.

"பொண்ணு பொழைச்சிரும்ண்ணே. வந்து... நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தெரியாமத்தானே தூக்கி வெச்சீங்க."

"நான் அதைத் தொடவே இல்லைம்மா."

"என்னண்ணே சொல்றீங்க? சோகோவும் வெளியில நின்னான். அப்போ யாரு?"

தம்தின் தயங்கினார். "ஃபோன் பேசிக்கிட்டே ஏறினீங்க. காலடியில பாட்டில் இருந்துச்சு. தாண்டக் கூடாதுன்னு நீங்கதான் எடுத்துப் பலகையில வெச்சீங்க. டாக்டர் வெச்சா காரணம் இருக்கும்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

உயங்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு திட்டினேனே, அப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேண்ணே?"

"சொல்லியிருந்தா உங்க கை நடுங்கியிருக்கும்மா. எம் பொண்ணு உசுரு அப்போ அந்தக் கையிலதானே இருந்துச்சு?"