மருமக பேருல

"இனிமே காப்பி போடுறதும் வெந்நி வைக்கிறதும் இதுலதான்."

பரணிலிருந்து இறக்கிய பழைய பம்ப் ஸ்டவ்வை அடுப்படியில் வைத்தாள் கஸ்தூரியம்மாள்.

மருமகள் வேல்விழி அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேஸ் இருக்கேத்தே?"

"இருக்கு. ஒரு மாசம் வர்ற சிலிண்டர் இன்னும் பத்து நாள் கூட வரட்டுமே. ரேசன் மண்ணெண்ண சும்மாதான கெடக்கு."

பண்ணைப்புரத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. வந்த புதிதில் மாமியார் இப்படி இல்லை.

இப்போது பாலைப் பாதியாகக் குறைத்தாயிற்று. தெருமுனைக் கடையில் சில்லறையாக வாங்குவது நின்று, மாதம் ஒருமுறை கம்பம் டவுனில் மொத்தக் கடைதான். மாமியார் வேலைக்குப் போகிற திராட்சைத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட குச்சிகளைக் கட்டித் தூக்கி வந்து அதில் சோறு வடிக்கிறாள். ஆள் இல்லாத அறையில் லைட் எரிந்தால் தொலைந்தது.

எல்லாம் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

குழம்பில் உப்பு இல்லை என்று புருசன் செல்லப்பாண்டி வேல்விழியைக் கன்னத்தில் அறைந்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் அவன். கை இரும்பு மாதிரி இருக்கும். மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புடலங்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மகன் அடிக்கிறான், தாய் வயிற்றில் அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் வேல்விழி.

ஸ்டவ் இறங்கிய மறுநாள், ராஜாத்தி என்று ஒரு பெண் தோளில் பையோடு வந்தாள்.

"ஏத்தா, ஒன் போட்டோ ஒண்ணு எடுத்துத் தா. இங்கன ஒரு கையெழுத்துப் போடு" என்றாள் மாமியார்.

"என்னாத்துக்குத்தே?"

"போடுங்குறேன்ல. அவன் வர்ற நேரமாச்சு."

ராஜாத்தியின் விரல் காட்டிய இடத்தில் வேல்விழி கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் தாள் பைக்குள் போய்விட்டது. அவள் உள்ளே திரும்பியதும் வாசலில் இருவரும் மெதுவாகப் பேசியது காதில் விழுந்தது.

"நாமினி யாரு? புருசன் பேரையே போட்ருவமா?"

"வேணாம். எம் பேரைப் போடு."

"அந்தப் புள்ளைக்கு ஏதும் ஒண்ணுன்னா பணம் ஒங்களுக்குத்தான் வரும், சரியா?"

"சரி சரி. இவ பேருல கட்டுறது எம் மகனுக்குத் தெரியவே கூடாது."

குழாயடியில் பக்கத்து வீட்டுப் பூமாரியிடம் சொன்னபோது அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடியாத்தி! இன்சூரன்சுடி அது! பேப்பர்ல பாக்குறதில்லையா? மருமக பேருல பணத்தக் கட்டுறது, அப்புறம் ஸ்டவ் வெடிச்சிருச்சுங்குறது. வீட்டுல கேஸ் இருக்கையில ஸ்டவ்வ எதுக்கு எறக்குனாக? சூதானமா இரு தாயி."

அதற்கப்புறம் வேல்விழிக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணெண்ணெய் வாடை வந்தாலே அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவாள். அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று புருசனிடம் கேட்டாள். அவன் முறைத்த முறைப்பில் பேச்சை அத்தோடு விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. செல்லப்பாண்டி வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். வேல்விழி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மாமியார் உள்ளே வந்தாள். கையில் மண்ணெண்ணெய்க் கேன். வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அரிசிச் சட்டி வேல்விழியின் கையிலிருந்து நழுவியது.

"அத்தே... வேணாம்த்தே. ஒங்க காலப் பிடிச்சுக்குறேன். என்னயக் கொன்னுராதீக."

கஸ்தூரியம்மாள் அப்படியே நின்றாள். மருமகளின் கண் எங்கே நிலைத்திருக்கிறது என்று பார்த்தாள். கையிலிருந்த கேனைப் பார்த்தாள். அதை மூலையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ரேசன்ல இப்பத்தான் வாங்கிட்டு வாரேன்" என்றாள். "நான் ஒன்னக் கொல்லுவேன்னா நெனச்ச?"

"என் பேருல இன்சூரன்சு..."

"இன்சூரன்சா? கிறுக்கச்சி! அது போஸ்ட் ஆபீஸ்ல மாசாமாசம் கட்டுற ஆர்.டி. ராஜாத்தி ஏஜென்ட்டு. பாலு, கேசு, கரண்டுன்னு வீட்டுச் செலவுல நான் மிச்சம் புடிக்கிறதெல்லாம் ஒம் பேருலதான் ஏறுது. அதச் சொல்லத்தான் கதவச் சாத்துனேன். அவன் காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கே புடுங்கிட்டுப் போயிருவான். நாமினியில அவன் பேரு இருந்தா நோண்டுவான்னுதான் எம் பேரப் போட்டேன்."

வேல்விழி மூலையிலிருந்த கேனை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குத்தே பணம்?"

வெளியே ஜீப்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கஸ்தூரியம்மாள் மருமகளின் காதருகே குனிந்தாள்.

"நானும் ஒரு நாள், அடி தாங்காம, கைப்புள்ளையா இருந்த இவனத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் போனேன்த்தா. டிக்கெட்டுக்குக் காசில்லாம திரும்பி வந்துட்டேன். அன்னைக்கு மட்டும் பஸ் ஏறியிருந்தா, அவுக அப்பா கைய ஓங்குறதப் பாக்காமலே இவன் வளந்திருப்பான்."