ஒரு மாத சூப்பிரண்டு

தேடி வந்த பிரமோஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் பியாட்ரிஸ்.

ஆபீஸ் முழுக்க அன்றைக்கு இதே பேச்சு. சூப்பிரண்டு போஸ்ட். என்ன, பெங்களூரில் இல்லை, பெலகாவியில். ராத்திரி பஸ் ஏறினால் காலையில்தான் இறங்க முடியும்.

“வேற என்ன, பயம்தான்” என்றார் ஸ்ரீகண்டன், கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “வீடு இருக்கிற ஆஸ்டின் டவுனைத் தாண்டினா மேடத்துக்கு மூச்சு முட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஓரத்து டேபிளில் இருந்த பியாட்ரிஸுக்கும் அது கேட்டது. டீயை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஸ்ரீகண்டனுக்கு அவளைப் பிடிக்காது. காரணம் சின்னது, ஆனால் பழையது. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். செலக்‌ஷன் லிஸ்டில் அவள் ஒரு இடம் மேலே. அந்த ஒரு இடத்தால் எதுவும் அவளுக்குத்தான் முதலில் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்து டேபிள். ஃபைல் விஷயம் தவிர அவளிடம் அவர் எதுவும் பேசியதில்லை. வீட்டில் யார் யார் என்றுகூடக் கேட்டதில்லை.

இப்போது அவள் வேண்டாம் என்றதும், அடுத்த பெயர் அவருடையது. ஆர்டர் வந்துவிட்டது.

இதில் ஒரு கூத்து. வருகிற மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட்.

வீட்டில் மனைவி ருக்கு துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன்னா, ஒரே ஒரு மாசம் அந்த நாற்காலியில உக்கார அவ்வளவு தூரம் போகணுமா? அந்தம்மாவே வேண்டாம்னுட்டா. நீங்களும் எழுதிக் குடுத்துடுங்கோ.”

“அசடு மாதிரி பேசாதே” என்று அவளை உட்கார வைத்து விளக்கினார்.

அவருடையது பழைய பென்ஷன். மகன் ஷ்ரேயாஸுக்கு ஐ.டி. கம்பெனியில் நடப்பதுபோல் மாதாமாதம் பிடித்து, மார்க்கெட்டில் போட்டு, கடைசியில் தேறுவதுதான் உனக்கு என்கிற கதை இதில் இல்லை. என்ன கிடைக்கும் என்பது முன்பே விதியில் இருக்கிறது. முழு சர்வீஸ் முடித்தவனுக்குக் கடைசியாக வாங்கின அடிப்படைச் சம்பளத்தில் பாதி, சாகிறவரைக்கும். அதற்கு மேல் பஞ்சப்படி. இத்தனை வருஷமும் என்ன வாங்கினாய் என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் என்ன வாங்கினாய், அதுதான் கணக்கு.

“அப்போ ஒரு மாசம் சூப்பிரண்டா இருந்தா?”

“அந்தச் சம்பளம்தான் கடைசிச் சம்பளம். ஆயுசுக்கும் பென்ஷன் அதை வச்சுத்தான். எனக்கப்புறம் உனக்கு வர்ற குடும்பப் பென்ஷனும் அதை வச்சுத்தான்.”

எனக்கப்புறம் என்கிற பேச்சை அவர் எடுத்ததே இல்லை. ருக்கு எழுந்து போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி வந்தாள்.

மறுநாள் பியாட்ரிஸ் அவளாகவே அவர் டேபிளுக்கு வந்தாள்.

“எப்போ ஜாயின் பண்றீங்க சார்?”

“பார்க்கணும். பத்து தேதிக்கு மேல நல்ல நாள் இருக்கு.”

“நாளெல்லாம் பார்க்காதீங்க. ஒண்ணாம் தேதியே போய் ஜாயின் பண்ணிடுங்க. தள்ளிப் போட்டா நடுவுல எவனாவது ஏதாவது கிளப்பி விடுவான்.”

தொலைந்தால் சரி என்று விரட்டுகிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது. அவள் திரும்பி நடக்கும்போதே எதிர் டேபிள்காரரிடம் சொன்னார். “பாருங்க கோவிந்தப்பா, போகப் பயந்தவங்க போறவனுக்குப் புத்தி சொல்றாங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனாலும் கிளம்பியது அவள் சொன்ன கணக்குப்படிதான். மாதத்தின் கடைசி நாள், சாயங்காலம், பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அங்கிள், நான் ஃபிராங்க்ளின் பேசறேன். பியாட்ரிஸ் பையன். பெலகாவியிலேருந்து.”

“பெலகாவியிலேருந்தா?”

“ஆமா அங்கிள், எனக்கு இங்கதான் வேலை. பஸ் எத்தனை மணிக்கு வரும்னு சொல்லுங்க, ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்துடறேன். லாட்ஜெல்லாம் தேடாதீங்க, நம்ம வீட்டுலயே தங்கிக்கலாம். உங்களுக்கு சுகர், வெஜ்தான் சாப்பிடுவீங்க, எல்லாம் அம்மா சொல்லிட்டாங்க.”

ஸ்ரீகண்டன் கட்டிலில் உட்கார்ந்தார். வெளியூர் என்றால் மேடத்துக்குப் பயமோ என்று நினைத்ததாக மெதுவாக இழுத்தார்.

ஃபிராங்க்ளின் சிரித்துவிட்டான்.

“அம்மாவுக்கா? பேத்தி பிறந்ததிலேருந்து இங்க டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிப் போட்டுட்டே இருக்காங்க அங்கிள். கிடைக்கலை. பிரமோஷன்லயே இந்த ஊர் வந்ததும் வீட்டுல எல்லாரும் குதிச்சோம்.”

“அப்புறம் ஏன்...”

“நானும் சண்டை போட்டேன். ‘எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குடா, அந்த மனுஷனுக்கு ஒரு மாசம்தான் இருக்கு’ன்னு வாயை அடைச்சுட்டாங்க.”

ருக்கு, யார் என்று ஜாடையில் கேட்டாள். பொறு என்று அவர் கையைக் காட்டினார்.

“அப்புறம் அங்கிள்” என்றான் ஃபிராங்க்ளின். “நீங்க தங்கப்போற மாடி ரூம்ல பெயின்ட் வாசனை கொஞ்சம் இருக்கும், தப்பா நினைக்காதீங்க. அம்மா வந்துடுவாங்கன்னு இப்பதான் கட்டி முடிச்சோம்.”