கெம்போங் மீனின் வயிற்றில்

"இது பாக் மாட் புடிச்ச மீன் இல்லையே, யோகேந்திரன்."

சுங்கைப் பட்டாணிச் சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம் வடிந்திருந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த யோகேந்திரனின் கை அப்படியே நின்றது. எதிரே ஷாமளா மிஸ். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் கடல் ஆய்வு செய்கிறவள். கரையோரத்துச் சின்ன மீன்கள் எதைத் தின்கின்றன, எவ்வளவு பெரிய இரையைத் தின்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவனிடம் கானாங்கெளுத்தி வகைக் கெம்போங் மீன் பத்து வாங்குவாள். வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பதை மைக்ராஸ்கோப்பில் அளந்து பார்ப்பாள். மறுவாரம் வந்து கண்டதையெல்லாம் அவனிடம் சொல்வாள். கெம்போங்கின் செவுளில் சல்லடை மாதிரி ஒரு முள் வரிசை உண்டு, அதில் தங்கும் நுண்ணுயிர்கள்தாம் அதற்குச் சாப்பாடு என்பதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். நாற்பது வயதுவரை தனியாகவே இருந்துவிட்டவன் அவன். தன்னைப் போலவே தனியாக இருக்கும் அவள் வந்து நின்று பேசும் பத்து நிமிடத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தான்.

அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். மீன் எப்போதும் தஞ்சோங் டாவாய் மீனவர் பாக் மாட் பிடித்ததாகவே இருக்க வேண்டும். ஆள் மாறினால் நேரம் மாறும், இடம் மாறும், அளவெல்லாம் கெட்டுவிடும்.

"எப்படிச் சொல்றீங்க மிஸ்?"

"முன்னெல்லாம் வயித்துல பாசித் தூள்தான் இருக்கும். மார்ச்சுல இருந்து கடுகுல பாதி அளவுக்கு, குட்டி இறால் மாதிரி உயிருங்க. அதுங்க ராத்திரிதான் மேல வரும். மொதல்ல சீசன் மாறுதுன்னு நெனச்சேன், நாலு மாசமாவும் அப்படியேதான் இருக்கு. பாக் மாட் பகல்லதானே வலை போடுவாரு? என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

மீனின் வயிறு காட்டிக் கொடுக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னான். மார்ச்சில் பாக் மாட்டுக்கு முழங்கால் முடியாமல் போய், கடலுக்குப் போவதையே விட்டுவிட்டார். படகு சும்மா கிடந்தது. அவருடைய மருமகனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு யோகேந்திரனே போக ஆரம்பித்தான். மருமகனுக்கு எட்டு மணிக்கு ஃபேக்டரி வேலை. அதனால் விடிவதற்குள் வலை போட்டுத் திரும்பிவிடுவார்கள். யோகேந்திரன் சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், நீச்சல் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தபடி, நாலு மாதமாக வாரம் தவறாமல் போய்வந்தான்.

"படகு அதே படகுதான் மிஸ். மீன் இல்லன்னா நீங்க வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன். உங்க ஆராய்ச்சியையே கெடுத்துட்டேன்லா."

தலையைக் குனிந்துகொண்டான். அவன் நிமிர்ந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒண்ணும் கெடல," என்றாள் மெல்ல. "ஆராய்ச்சிய பிப்ரவரியிலேயே முடிச்சுக் கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் மீன அறுத்துப் பார்த்ததெல்லாம், சனிக்கிழமை உங்ககிட்ட வந்து சொல்ல ஏதாவது வேணுமேன்னுதான்."