சின்னக்கா பேசறேன்

நாலு பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

புதன்கிழமை நாலு பத்து என்றால் அவள்தான்.

மேசையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துப் படித்தேன். “வணக்கம். கிட்டோவியா ஃபவுண்டேஷன். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

வைத்துவிட்டாள்.

வைக்காமல் என்ன செய்வாள்? பத்து வயது நிரம்பாத பிள்ளையிடம் போய் ‘தங்களுக்கு’ என்றால்? ஏதோ இருமல் மருந்துக் கம்பெனிக்கு அடித்துவிட்டோம் என்று பயந்திருப்பாள்.

நேற்று வரை எங்கள் பெயர் சின்னக்கா. அடிபடுகிற, பூட்டி வைக்கப்படுகிற, சொல்லி அழ ஆளில்லாத பிள்ளைகள் கூப்பிடுவதற்கான தொலைபேசி. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் தன் அறையில் ஒற்றை போனை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதுவே பெயராக நின்றுவிட்டது.

அவர் போன பிறகும் வழக்கம் மாறவில்லை. யார் எடுத்தாலும் ‘சின்னக்கா பேசறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். போன வாரம் பேசிய அக்காவைக் காணோமே என்று எந்தப் பிள்ளையும் தவிக்கக் கூடாது.

ஆக, நாங்கள் ஏழு பேருமே சின்னக்காதான். இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்ற, கட்டை மீசையும் கட்டைக் குரலுமாக இருக்கிற நானும் சின்னக்காதான். என் பேத்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போன் செய்கிற பிள்ளைகள் ஒருத்தர்கூடச் சிரித்ததில்லை.

புது மேலாளர் வந்தார். ஏழு மாதம் ஆராய்ச்சி நடந்தது. சின்னக்கா என்றால் சமையல்கட்டு வாடை அடிக்கிறதாம். வெளிநாட்டு நன்கொடையாளர்கள் வாயில் நுழையவில்லையாம். கிட்டோவியா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அர்த்தம் எதுவும் இல்லாததுதான் அதன் பலம் என்றார். பிள்ளைகளைக் கேட்டீர்களா என்றேன். அவர் புதுப் பெயருக்குக் கேக் வெட்டப் போய்விட்டார்.

இந்தப் புதன்கிழமைப் பிள்ளை நாலு மாதமாகக் கூப்பிடுகிறாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாய் திறக்க முடியாத பிள்ளைகளுக்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. போனில் நகத்தால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை.

பெண் பிள்ளையா? ஒரு தட்டு. பத்து வயது ஆகிவிட்டதா? இரண்டு. பள்ளிக்கூடம் போகிறாயா? இரண்டு. அம்மா கூட இருக்கிறார்களா? இரண்டு. சாப்பிட்டாயா என்றால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டுவாள்.

பேரைச் சொல் என்று எத்தனையோ முறை கெஞ்சியாயிற்று. சொல்லப் பயமா என்றால் இரண்டு தட்டு. பயமில்லையாம். பிறகு ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்? மண்டையைக் குடைந்துகொண்டதுதான் மிச்சம். கூப்பிடுகிறவர் எண்ணை எங்கள் போன் காட்டாது. பேரும் தெரியாமல் ஊரும் தெரியாமல் யாரைத் தேடி யாரை அனுப்புவது?

போன புதன்கிழமை, அடுத்த வாரம் வாயைத் திறந்து பேசுவாயா என்று கேட்டேன். வெகு நேரம் கழித்து ஒரு தட்டு கேட்டது.

அந்த அடுத்த வாரம் இன்றைக்குத்தான்.

மறுபடி அடித்தது.

மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். புதுப் பெயரை எல்லாரும் ஒழுங்காகச் சொல்கிறோமா என்று முதல் நாள் சோதனை. அட்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

நான் ஒரு கோழை. படித்தேன்.

வைத்துவிட்டாள்.

மேலாளர் தாளில் டிக் போட்டார். உச்சரிப்பு நன்றாக வருகிறதாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரியவர்கள் கண்ணில் படாமல் எங்கேயோ ஒரு வீட்டில் போனைத் தொட அவளுக்குக் கிடைப்பதே பத்து நிமிடம். அதில் இரண்டு முறை கூப்பிட்டு இரண்டு முறையும் ஏதோ கம்பெனி எடுக்கிறது. மூன்றாவது முறையும் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து?

நாலு பதினாலு. நாலு பதினைந்து. அலமாரி மேல் மீதிக் கேக்கை ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் கிட்டோவியாவையா கூப்பிடச் சொல்வார்கள்?

அடித்தது.

அட்டையைப் பிய்த்துக் கசக்கினேன்.

“சின்னக்கா பேசறேன்டா கண்ணு. நான்தான். எங்கயும் போகலை.”

மேலாளர் தாளில் பெருக்கல் குறி போட்டார். போட்டுக்கொள்ளட்டும்.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு தட்டு.

எங்கள் பேரை மாற்றிவிட்டார்கள், அதனால்தான் அப்படிச் சொன்னேன், ஆள் மாறவில்லை என்றேன். எங்களையும் கேட்கவில்லை, உங்களையும் கேட்கவில்லை என்று அதையும் சொன்னேன். என் ஆத்திரத்தை ஒரு குழந்தையிடம் கொட்டியிருக்கக் கூடாது. ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் பாத்திரங்களைக் கீழே வைக்கும் ஓசை. குழாயை மூடும் ஓசை.

பிறகு அவள் பேசினாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னக் குரல்.

“இங்க வேலைக்கு வந்த அன்னைக்கே என் பேரையும் மாத்திட்டாங்க, அக்கா. நான் எந்தப் பேரைச் சொல்லட்டும்?”