பதினோராவது நிமிடத்து அலறல்

கைதட்டல் ஓய்வதற்குள் எடிட்டரம்மா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணி, "உங்களுக்கு எப்பவோ கிடைச்சிருக்க வேண்டிய மரியாதைம்மா" என்றார். அவளுக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

தொலைக்காட்சி நிலையத்தின் சின்ன அரங்கில், நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் பேய்த் தொடரின் ஒரு பகுதியை அன்று பிற்பகல் திரையிட்டிருந்தார்கள். பேயைக் கண்ணிலேயே காட்டாமல் மிரட்டிய பகுதி அது. பதினோராவது நிமிடத்தில் கதாநாயகி மாடிக் கதவைத் திறக்கிறாள். உள்ளே வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல். இத்தனை வருஷம் கழித்தும் அரங்கில் பாதிப் பேர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

மேடையேறிய விமர்சகர் நிழல்களைப் பாராட்டினார், நிசப்தத்தைப் பாராட்டினார். அலறலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். அது ஆணா பெண்ணா என்றே தனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, எந்த நடிகராலும் அப்படிக் கத்த முடியாது என்றார்.

முடியாதுதான். அது நடிப்பில்லை.

கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னால் ஏணி சரிந்து லைட்மேன் உச்சியிலிருந்து விழுந்தார். ஏணியடியில் எடிட்டிங்குக்காகக் குறிப்பெழுதிக்கொண்டு நின்ற அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் மேலிருந்து வருவதைப் பார்த்தது நினைவிருக்கிறது, ஆட்கள் ஓடிவந்து தூக்கியது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. அடுத்த இரண்டு நாள் தொண்டை கட்டிப்போய்ச் சைகையில்தான் பேசினாள். செட்டுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர்.

டைரக்டர் அந்தச் சத்தத்தை வெட்டிவிடச் சொன்னார். அடுத்தவன் வலியில் நாம் பேர் வாங்க வேண்டாம் என்றார். அவள்தான் விடவில்லை. ஒரு நாள் பூராவும் மல்லுக்கட்டி, அலறலை அப்படியே வைத்தாள். தொடர் ஓஹோவென்று ஓடியது. அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை குவிந்தது. இடுப்பெலும்பு முறிந்த லைட்மேன் அப்புறம் ஏணி ஏறவேயில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு முறை போனாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஓர் ஊன்றுகோல் தட்டித் தட்டி அவள் இருக்கை வரிசையில் வந்து நின்றது.

"என்ன கத்தரி, ஆளைத் தெரியலையா?"

ஃபிலிம் வெட்டுகிற பெண் என்பதால் செட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. வைத்தவரே இந்த லைட்மேன்தான். வயது எண்பதை நெருங்கியிருக்கும்.

அவர் நலம் விசாரித்தார். அந்த அலறலை வெட்டாமல் வைத்தது தான்தான் என்று ஆரம்பித்து, டைரக்டரோடு போட்ட சண்டை, ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பி வந்தது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"நீங்க துடிச்ச துடிப்பை வித்துத்தாண்ணே நான் பேர் வாங்கினேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை கிடையாது."

கிழவர் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அந்தப் பகுதி எப்போது ஒளிபரப்பானாலும் தான் விடாமல் பார்ப்பதாகவும், அந்த இடம் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பதாகவும் சொன்னார். அவள் தலை இன்னும் குனிந்தது.

"விழுந்தப்ப எனக்கு மூச்சே அடைச்சுப்போச்சு, வாயை எங்கே திறக்கறது? கத்தினது நீதாம்மா."