தவளையின் வயிற்றில் ஆறு புள்ளிகள்

திரையில் தவளை குதித்தது. அதன் வெள்ளை வயிற்றில் ஆறு சிவப்புப் புள்ளிகள்.

கனாஹோ அவற்றில் ஒன்றைக்கூட வைக்கவில்லை.

மூன்று வாரம் கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி அவள் வரைந்தது சுத்தமான பச்சைத் தவளை. வயிறு வெள்ளை, கண் வெள்ளை, அவ்வளவுதான்.

அவளுக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒசாகாவுக்கு வந்து, இந்த வீடியோ கேம் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம். இன்றைய கூட்டத்தில் தவளை தேறினால் அவள் ஓவியர். தேறாவிட்டால் திங்கள்கிழமை முதல் கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். அங்கே போட்டுக்கொள்ள வேண்டிய நீல ஏப்ரனில் அவள் பெயரைத் தைத்தே முடித்துவிட்டார்கள்.

சுவரில் தலைவர் இசோகை கைப்பட எழுதிய வாசகம்: 'ஒரு புள்ளி, ஓர் உயிர்.'

போன வருடம்வரை அங்கே 'ஓர் அரிசி, ஓர் உயிர்' என்று இருந்தது. அப்போது கம்பெனி அரிசி எடை போடும் இயந்திரம் செய்துகொண்டிருந்தது.

"அது என்ன, வயித்துல சிவப்பா?" என்றார் தலைவர்.

மேஜையைச் சுற்றிப் பதவி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு அதிகாரிகளும் திரையை முதன்முறையாக உற்றுப் பார்த்தார்கள்.

கனாஹோ எழுந்தாள். "அது வந்து, நான்..."

"விஷயமே அதுலதான இருக்கு தலைவரே!" மூத்த இயக்குநர் தொகுமித்சு முந்திக்கொண்டார். "கீழ பாருங்க, கடுகு மாதிரி. மேல போகப்போகப் பெருசாகுது. ஒரு தவளையோட லட்சியம் அது. அந்த உச்சிப் புள்ளி இருக்கே, என்ன கம்பீரம்!"

"எனக்குக் கடைசிப் புள்ளிதாங்க மனசுல நிக்குது. அதுல ஒரு பணிவு," என்றார் வரிசையின் கடைசியில் இருந்த பிரிவு மேலாளர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நடுவில் இருந்த நால்வரும் நடுப்புள்ளிகளில் ஆளுக்கொரு தத்துவம் கண்டார்கள்.

தலைவர் கனாஹோவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்வளவும் யோசிச்சா வெச்ச?"

ஆறு தலைகள் அவளைப் பார்த்தன. நீல ஏப்ரன் அவள் கண்முன் ஒருமுறை ஆடிப் போனது.

"ஆமாங்க தலைவரே."

"தேறிடுச்சு!" தலைவர் மேஜையைத் தட்டினார். "ஆனா ஒண்ணு. பேரு கீரெல்லாம் கேம்ல போட மாட்டோம். போட்டா எதிர்க் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கிட்டுப் போயிடுவான். நீ ஓவியர்தான். வெளிய யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்."

ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "உன் பேரு வருமாடி அதுல?"

"போய் அசல் தாளை எடுத்துட்டு வா. என் முத்திரையையும் வெச்சிடறேன்."

வரைந்த தாளைப் பார்த்து எண்களைக் கணினியில் தட்டுவது ஹமுரோ அக்காவின் வேலை. கனாஹோ அவள் அறைக்கு ஓடினாள்.

"அக்கா, என் தவளை வயித்துல யாருக்கா சிவப்பு வெச்சது?"

"என்னைக் கேட்டா? பச்சைக் கட்டம்னா மூணு, சிவப்புன்னா ஏழு. தாள்ல இருக்கிறதைத் தட்டறேன். தவளையா தொகுமித்சுவான்னு நான் பாக்கறதில்ல," என்று தாளை நீட்டினாள் அக்கா.

கனாஹோ தாளைப் பார்த்தாள்.

எடை இயந்திரத்துக்கு வரைபடம் போட்ட காலத்தில் தாளின் ஓரத்தில் ஒப்புதல் முத்திரைக்கென்று தனிப் பெட்டிகள் இருந்தன. கட்டம் போட்ட தாளில் பெட்டி ஏது? மேஜை மேஜையாகத் தாள் ஏறியபோது, ஆறு அதிகாரிகளும் தங்கள் பெயர் பொறித்த முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு, வெள்ளையாகக் கிடைத்த இடத்தில் குத்தியிருந்தார்கள்.

வயிறுதான் வெள்ளை.

மேலதிகாரியின் முத்திரையைவிடத் தன் முத்திரை சின்னதாக இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதை வரிசை பிசகாமல் அங்கே ஏறியிருந்தது. கடுகாகப் பிரிவு மேலாளர். உச்சியில், கம்பீரமாக, தொகுமித்சு.

அவள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைவர் தாளைப் பார்க்கவில்லை. வெள்ளை இடத்தைத்தான் தேடினார். எல்லாரையும்விடப் பெரிய முத்திரை அவருடையது. வயிற்றில் அதற்கு இடமில்லை.

கண்ணில் குத்தினார்.

"இதையும் மதியம் தட்டச் சொல்லு. உயிர் வந்திடுச்சு பாரு," என்றார்.

கனாஹோ குனிந்து வணங்கித் தாளை வாங்கிக்கொண்டாள். வணங்கிய தலையை நிமிர்த்தாமலே தவளையின் வயிற்றைக் கண்ணால் துழாவினாள். அடியில், பிரிவு மேலாளருக்கும் கீழே, ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக மிச்சம் இருந்தது.

மதிய இடைவேளையில் அவள் சாப்பிடப் போகவில்லை. தெருமுனை எழுதுபொருள் கடைக்குப் போய்த் தன் பெயருக்கு ஒரு முத்திரை கேட்டாள்.

"புது வேலையா? வாழ்த்துகள்மா," என்றார் கடைக்காரர், பெட்டியைத் திறந்துகொண்டே. "எந்த அளவு வேணும்?"

கனாஹோ தாளை விரித்து அந்தக் கட்டத்தைக் காட்டினாள்.