பெயர் எழுத வேண்டாம்

எட்டாவது தாளிலும் பூ வரைந்திருந்தார்கள்.

அவள் அதைத் தனியே எடுத்துப் போட்டாள். அதற்கு முந்தைய தாளில் ஒருவன் முப்பது கேள்விகளுக்கும் நடுக் கட்டத்திலேயே பதில் சொல்லியிருந்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. அதற்கும் முந்தையதில், 'உங்கள் மனநிலையை ஓரிரு வரிகளில் எழுதுங்கள்' என்ற இடத்தில் 'பசிக்குது' என்று இருந்தது.

கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வும் கற்றலும். எம்.எஸ்சி. உளவியல், இறுதியாண்டு ஆய்வு. நூற்றிருபது தாள்கள் வேண்டும். வெள்ளிக்கிழமை முடிவுகளைக் கொடுத்தாக வேண்டும்.

நான்கு நாள் வகுப்பு வகுப்பாகக் கெஞ்சி வாங்கியவை இவை.

அடுத்ததையும் பூக்களோடு போடப் போனாள். இரண்டாம் ஆண்டு பி.காம். கட்டிலிருந்த தாள். எல்லா டிக்கும் வலது கோடியில், 'எப்போதும்' என்ற கட்டத்தில்.

எல்லாம் இல்லை. சில டிக் இடது கோடியில்.

'நன்றாகத் தூங்குகிறேன்.' இல்லவே இல்லை.

'நாளைய தினத்தை நினைத்தால் ஆர்வமாக இருக்கிறது.' இல்லவே இல்லை.

படித்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும்.

இருபத்தேழாவது கேள்வி: 'நான் இல்லாமல் போனால் யாருக்கும் எதுவும் குறையாது என்று தோன்றுகிறது.' முதலில் 'சில நேரம்' கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. அதை அடித்துவிட்டு 'எப்போதும்' கட்டத்தில் போட்டிருந்தது.

வயதுக்குக் கொடுத்திருந்த கட்டங்கள் பதினேழிலிருந்து இருபத்துமூன்று வரை. எதிலும் டிக் இல்லை.

ஆய்வு வழிகாட்டி செந்தாமரை மேடம் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"பேரே இல்லாத பேப்பர். யாருன்னு போய்த் தேடுவே? கடைசிப் பக்கத்துல ஹெல்ப்லைன் நம்பர் போட்டிருக்கோம்ல? மத்ததோட ஒட்டாம நிக்குது, எடுத்துடு. ரெண்டு நாள்தான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

'பெயர் எழுத வேண்டாம்' என்று தாளின் தலையில் தடித்த எழுத்தில் போட்டவள் அவள்தான். அப்போதுதான் உண்மையை எழுதுவார்கள் என்று.

எழுதிவிட்டார்கள்.

மறுநாள் காலை பி.காம். வகுப்பு வாசலில் நின்றாள். உள்ளே தண்டபாணி சார் வணிகச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். போன முறையும் அவருடைய பீரியடைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள்.

"மறுக்காவாம்மா? உங்க ஆராய்ச்சிக்கு என்ர பீரியடுதான் கெடைச்சுதா? போர்ஷன் முடியலீன்னா என்னையத்தான கேப்பாங்க?"

"ஒரு பக்கம் பிரிண்ட் சரியா விழலைங்க சார். ஒவ்வொருத்தரா வெளிய வந்தாப் போதும். ஆளுக்கு ஒரு நிமிஷம்."

பொய். பிரிண்ட் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

"சீக்கிரம் முடி" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் போட்டாள். தாள் கொடுத்த அன்றைய வருகைப் பதிவை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் நேராகக் கேட்க முடியாது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டாள். முகத்தைப் பார்த்தாள்.

"பாஸ் பண்ணீட்டனுங்களாக்கா?" என்றான் ஒருவன்.

"எங்களுக்கு வேற சோலியே இல்லைன்னு நெனச்சீங்களா?" என்றாள் இன்னொருத்தி.

மோகனப்பிரியா என்றொரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தூக்கம் வருதான்னா கேக்கறீங்க? உள்ள வந்து பாருங்கக்கா."

ஒருவன் நகத்தைக் கடித்தான். அவனைக் கூடுதலாக ஐந்து நிமிடம் உட்கார வைத்தாள். அவனுக்குப் பல்வலி.

முப்பத்தெட்டாவதாக வந்தவன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "நான்தாங்க்கா லாஸ்ட்டு. எல்லாம் நல்லா இருக்குது. போகட்டுங்களா?"

போனான்.

முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் உளவியல் படித்தும் அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பேனாவை எரிச்சலோடு மூடப் போனபோது மூடி கைதவறிப் படிக்கட்டு வரை உருண்டது. எடுக்கப் போகவில்லை.

ஒரு தடவைகூட அந்த வகுப்பின் தாள்கட்டை எண்ணிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எண்ணினாள்.

முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணினாள்.

போன முறை தாள்களைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். மேசையருகே இருந்தவர் ஒருவர்தான்.

உள்ளே அவர் குரல் கேட்டது. ஒப்பந்தம் எப்போது செல்லாமல் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். "வாயை மூடுடா" என்றார். மேலே சொன்னார்.

அவள் வாசலுக்குப் போனாள்.

"ஆச்சாம்மா? இன்னும் யாராச்சும் பாக்கியா?"

"ஒருத்தர் சார்."

"யாருடா அது, போகாம உக்காந்திருக்கறது?" என்று விரலை நீட்டி பெஞ்சு பெஞ்சாக எண்ண ஆரம்பித்தார். மூன்றாவது பெஞ்சில் விரல் நின்றது.

அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை.

மணியடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"எல்லாரும் கேன்டீன் போங்க" என்றார்.

நம்ப முடியாமல் ஒரு கணம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பெஞ்சுகள் தடதடவென்று நகர்ந்தன. இரண்டு வாசலிலும் முண்டியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். "தேங்க்ஸ்க்கா!" என்று யாரோ அவள் தோளில் தட்டிவிட்டு ஓடினார்கள்.

அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். வராந்தாவுக்கு வந்தார். மாணவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். தாள்களைக் கீழே வைத்தாள்.

"நல்லாத் தூங்கறீங்களா சார்?"

கேன்டீன் பக்கம் கூச்சல் அடங்கும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்திருந்தார்.

"கொஞ்சம் நேரமாகும்மா" என்றார். "பரவால்லியா?"